அழகுத் தொட்டியும் அடியில் நிற்கும் தண்ணீரும்

நர்சரியில் கறுப்புப் பாலிதீன் கவரில் இருக்கும்போது செடி தளதளவென்று இருக்கிறது. நாம் ஆசையாக வாங்கிய பீங்கான் தொட்டிக்கு மாற்றிய இரண்டே மாதத்தில் மஞ்சளாகி, இலை கொட்டி, போய்ச் சேர்ந்துவிடுகிறது. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் நண்பர்கள் பலர் சொல்லும் கதை இது. கடைசியில் "நமக்குக் கைராசி இல்லைங்க" என்று முடித்துவிடுவார்கள். கைராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் காரணம் அந்தத் தொட்டிதான்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். தொட்டிக்குள் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்று தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை ஒரே இடத்தில் தொகுத்து வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. மொட்டை மாடி, பால்கனி, வாசற்படி என்று வெளியில் வைக்கும் தொட்டிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வெயில், மழை கணக்கெல்லாம் சென்னைக்கானது. மற்ற கடலோர ஊர்களுக்கும் ஓரளவு பொருந்தும்.

வேரும் மூச்சு விடுகிறது

இலை பகலில் ஆக்சிஜனை வெளியே விடுகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வேர் அப்படி இல்லை. அதுக்கு வெயிலும் கிடையாது, பச்சையமும் கிடையாது. இராப்பகலாக ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்யும். அந்த ஆக்சிஜன் மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்து வரவேண்டும். இடுக்கு முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. வேர் மூச்சு முட்டிச் சாகும், செத்த வேரைப் பூஞ்சை பிடிக்கும்.

இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மேலே இலை தண்ணீர் இல்லாத செடி மாதிரியே தொங்கும். நாம் என்ன செய்வோம்? "ஐயோ, வாடிப்போச்சே" என்று இன்னொரு செம்பு ஊற்றுவோம். அத்தோடு கதை முடிந்தது. ஆகவே முதல் விதி: செடி வாடியிருக்கிறது, விரலை விட்டுப் பார்த்தால் மண் ஈரமாக இருக்கிறது என்றால், தண்ணீர் ஊற்றாதீங்க. நிழலுக்கு மாற்றி, காய விடுங்க.

ஒரு ஸ்பாஞ்ச் சோதனை

பாத்திரம் கழுவும் நீள்சதுர ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நன்றாக முக்கி, படுக்கைவாட்டில் கையில் ஏந்திப் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது பிழியாமல், அப்படியே அதன் நீளப் பக்கம் கீழே வரும்படி திருப்புங்கள். மறுபடி சொட்டும். அது நின்றதும் செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் சொட்டும்.

ஸ்பாஞ்ச் அதேதான். உயரம் மட்டும்தான் மாறியது. நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், புவியீர்ப்பு கீழே இழுக்கும். இரண்டும் சமமாகும் இடம் வரைக்கும் அடியில் தண்ணீர் தேங்கியே இருக்கும், எத்தனை ஓட்டை போட்டாலும் சரி. தொட்டியிலும் இதேதான் நடக்கிறது.

தேங்கும் உயரம் தொட்டியைப் பொறுத்தது இல்லை, மண்ணைப் பொறுத்தது என்பதுதான் முக்கியம். ஜேம்ஸ் ஜூரின் 1718-ல் சொன்ன நுண்குழாய் விதிப்படி, குழாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். 1 மி.மீ. ஆரமுள்ள குழாயில் சுமார் 1.5 செ.மீ., 0.1 மி.மீ. ஆரம் என்றால் சுமார் 15 செ.மீ. மண் நேரான குழாய் இல்லைதான். ஆனால் போக்கு இதுதான்: களிமண், தூசு மாதிரி நைசான கலவையில் தேக்கம் உயரம், பருக்கையான கலவையில் குறைவு.

ஒரு கணக்குக்கு, உங்கள் மண் கலவையில் தேக்கம் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. ஆழமுள்ள அகலத் தாம்பாளம் மாதிரித் தொட்டியில் மேலே 2 செ.மீ.தான் வேர் மூச்சு விடும் இடம். அதே மண், 30 செ.மீ. உயரத் தொட்டியில் 22 செ.மீ. கிடைக்கும். ஆழமில்லாத உருளி மாதிரியான தொட்டிகளில் செடி சீக்கிரம் அழுகுவதற்கு இதுதான் காரணம். உள்ளே கீழ்வரை மண் நிரப்பிக் கட்டிய பழைய துளசி மாடத்தில் செடி நன்றாக வருவதற்கு அந்த மண்ணின் உயரமும் உதவுகிறது என்றே நினைக்கிறேன்.

அடியில் ஜல்லி போடலாமா?

நான் வாடிக்கையாகப் போகும் நர்சரிக்காரர் ஒருத்தர் செடி கட்டிக் கொடுக்கும்போதெல்லாம் சொல்வார்: "சார், அடியில ரெண்டு இஞ்ச் ஜல்லி போட்டு வைங்க, தண்ணி நிக்காது."

"மண்ணுலேர்ந்து ஜல்லிக்குத் தண்ணி சுலபமா இறங்குமாண்ணே?"

"இறங்காம எங்க சார் போவும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நைசான மண்ணிலிருந்து பெரிய இடுக்குள்ள ஜல்லிக்குத் தண்ணீர் இறங்கவேண்டுமானால், மேலே உள்ள மண் முதலில் முழுக்க நிரம்பியாக வேண்டும். ஆக, தேக்கம் காணாமல் போவதில்லை. ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மேற்படிக் கணக்கையே போடுங்கள். 20 செ.மீ. தொட்டியில் ஜல்லி இல்லாமல் காற்றோட்டமான மண் 12 செ.மீ. 5 செ.மீ. ஜல்லி போட்டால் மண்ணே 15 செ.மீ.தான், அதில் 8 தேக்கம், மிச்சம் 7. வேருக்கு இடம் குறைந்துபோனதுதான் மிச்சம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட் இந்த நம்பிக்கையைத் தவறு என்று விளக்கி எழுதியிருக்கிறார்.

ஓட்டை வழியாக மண் ஒழுகாமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லோ, கொசுவலைத் துண்டோ போதும். ஜல்லி போட்டே ஆகவேண்டும் என்றால், மண்ணோடு கலந்து போடுங்கள். அப்போது உண்மையிலேயே பலன் உண்டு.

தொட்டி வாங்கும்போது

*ஓட்டை.* கடையில் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஓட்டை இல்லாத அழகுத் தொட்டிதான் பாதிக்குப் பாதி. பிடித்துப்போய்விட்டால் இரண்டு வழி. ஒன்று, டிரில்லிங் மெஷினில் டைமண்ட் பிட் போட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைப்பது. ஹேமர் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும். இன்னொன்று, செடியைச் சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டியிலேயே வைத்து, அதை அழகுத் தொட்டிக்குள் இறக்கிவைப்பது. இரண்டாவது வழி கூரைக்குக் கீழே மட்டும்தான் சரிப்படும். மழையில் வைத்தால் வெளித் தொட்டி வாளியாகிவிடும்.

*பொருள்.* பளபளப்பு பூசாத சுட்ட மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். வேர் குளிர்ச்சியாக இருக்கும், சீக்கிரம் காயும். கோடையில் தினமும் தண்ணீர் தேவைப்படும். பீங்கான், பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகளில் அந்த வழி அடைபட்டிருக்கும், ஈரம் நிற்கும். மறந்துபோகிறவர்களுக்கு இவை, அளவுக்கு மீறி ஊற்றுகிறவர்களுக்கு மண் தொட்டி. புது சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்புத்தன்மை உண்டு. ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டியபின் பயன்படுத்துங்கள்.

*வடிவம்.* வயிறு பெருத்து வாய் குறுகிய ஜாடி பார்க்க அழகு. ஆனால் இரண்டு வருஷம் கழித்து வேர்க்கட்டியை அதிலிருந்து வெளியே எடுக்க முடியாது. செடியை அறுக்கவேண்டும் அல்லது தொட்டியை உடைக்கவேண்டும். வாய்தான் அகலமாக இருக்கவேண்டும்.

*நிறம்.* மே மாத மொட்டை மாடியில் கறுப்பு, அடர்நீலத் தொட்டிகள் வேண்டாம். அமெரிக்காவின் தென்பகுதி நர்சரிகளில் வெயிலில் வைத்த கறுப்புத் தொட்டிகளில் மண் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியதை அளந்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் வேர் வெந்துபோகும். வெளிர் நிறத்துக்கு மாறுங்கள் அல்லது தொட்டிகளை நெருக்கமாக வைத்து ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்க விடுங்கள்.

*அளவு.* சின்னச் செடிக்கு நேராகப் பெரிய தொட்டி வேண்டாம். குடிக்க வேர் இல்லாத இடத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். இப்போது இருப்பதைவிட இரண்டு இஞ்ச் அகலம் கூடுதலாக இருந்தால் போதும்.

மண் கலவை

நம்ம ஊர் நர்சரிச் செடிகள் பெரும்பாலும் செம்மண் கட்டியோடு வரும். அதை அப்படியே எடுத்து முழுக்க முழுக்கக் கோகோபீட் நிரப்பிய தொட்டியில் வைத்தால், உள்ளே களிமண் உருண்டை, வெளியே பஞ்சு. ஒன்று காய்ந்திருக்கும்போது இன்னொன்று சொதசொதவென்று இருக்கும். நடும்போது கட்டியின் வெளிப்பகுதியை விரலால் உதிர்த்து, வேர் நுனிகளைப் புது மண்ணில் படும்படி விடுங்கள்.

வெளியில் வைக்கும் பூச்செடிகளுக்கு நான் போடுவது: செம்மண் இரண்டு பங்கு, பருமணல் அல்லது உடைத்த செங்கல் பருக்கை இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் ஒரு பங்கு. எம்-சாண்ட் என்றால் சலித்து, அந்தத் தூசை எடுத்துவிட்டுத்தான் போடவேண்டும். நைசான தூசு தேக்கத்தை உயர்த்திவிடும். கோகோபீட்டில் தென்னை நாரிலிருந்து வந்த உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள். அடினியம், கற்றாழை மாதிரிச் செடிகளுக்குக் கோகோபீட்டை விட்டுவிட்டுப் பருக்கையைக் கூட்டிக்கொள்ளலாம்.

எந்த இடத்துக்கு எந்தச் செடி

முதலில் இடத்தைப் பாருங்கள். ஒரு விடுமுறை நாளில் இரண்டு மணிக்கு ஒரு தரம் போய், அந்த இடத்தில் நேர் வெயில் விழுகிறதா என்று குறித்தால் போதும்.

*ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில்:* காகிதப்பூ, அடினியம், டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி, செம்பருத்தி. காகிதப்பூ பிரேசில் நாட்டுச் செடி. பூகன்வில் தலைமையில் 1766-ல் புறப்பட்ட பிரெஞ்சு உலகப் பயணத்தில் போன தாவரவியலாளர் கொம்மெர்சன், 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் சேகரித்தது. தலைவர் பெயரே செடிக்கும் வந்தது. நாம் பூ என்று நினைக்கும் வண்ணப்பகுதி பூவடி இலை. உள்ளே இருக்கும் குட்டி வெள்ளைக்குழல்தான் பூ. இதுக்குத் தொட்டி கொஞ்சம் இறுக்கமாக இருந்து, தண்ணீர் விட்டு விட்டுக் கிடைத்தால்தான் பூக்கும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும்.

*காலை வெயில் மட்டும்:* இட்லிப்பூ, நந்தியாவட்டை, துளசி. இட்லிப்பூ நம்ம மண்ணுக்கே உரியது, சங்க இலக்கியத்தின் வெட்சி இதுதான் என்பார்கள். அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். சிமெண்ட் தொட்டியும் கடின நீரும் சேர்ந்தால், இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

*வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை:* பெரணி, மணி பிளாண்ட், அக்லோனிமா, மருள்.

வீட்டில் தவழும் குழந்தையோ, எதையும் கடிக்கும் நாயோ இருந்தால் அரளியும் அடினியமும் வேண்டாம். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. அடினியம் சாற்றை ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவ விஷமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தண்ணீர்: எப்போது, எவ்வளவு, எது

"தினமும் ஒரு குவளை" என்ற கணக்கை விட்டுவிடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். தூக்க முடிகிற தொட்டி என்றால் இன்னும் நல்ல வழி எடை. நன்றாக ஊற்றி, வடிந்து முடிந்ததும் ஒரு தடவை எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அநேகமாக ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. நாலைந்து நாள் பார்த்தால் அந்தச் செடியின் குடி எவ்வளவு என்று தெரிந்துவிடும், அப்புறம் தூக்கிப் பார்த்தாலே கைக்குத் தெரியும். ஊற்றும்போது ஓட்டை வழியாக வழியும் அளவுக்கு ஊற்றுங்கள்.

அப்படி வழியவிடுவதற்கு ஒரு காரணம் உப்பு. நம்ம போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். மண் தொட்டியின் வெளிச்சுவரில் பூக்கும் வெள்ளைப் படிவம் அதுதான். மாதம் ஒரு தடவை, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு பங்கு தண்ணீர் மெதுவாக விட்டு அலசிவிடுங்கள். மழைநீர் கிடைத்தால் உத்தமம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். சாஃப்ட்னர் தண்ணீர் செடிக்கு நல்லதில்லை. அது கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு அதுக்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கும். சோடியம் செடிக்கும் ஆகாது, மண்ணையும் இறுக்கும். சாஃப்ட்னருக்கு முந்தின குழாய் எங்கே என்று பிளம்பரைக் கேளுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரும் இப்படித்தான். மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீர் வருகிறது என்றால், அநேகமாக மொத்த உப்பும் மிச்ச இரண்டு லிட்டரில் இருக்கும், அதாவது ஒன்றரை மடங்கு. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால்

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை, அதில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். கோடையில் பிழைத்த செடிகள் இந்த மூன்று மாதத்தில்தான் அழுகும். அடினியம், கற்றாழையைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். நகர்த்த முடியாத தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் வைத்து, ஓட்டை தாழ்வான பக்கம் வரும்படி சாய்த்துவையுங்கள். ஸ்பாஞ்சைத் திருப்பியபோது சொட்டியது ஞாபகம் இருக்கிறதா? அதே காரணம்தான். சமதளத்தில் இருக்கும் தொட்டிகளுக்கும் அடியில் மூன்று ஓட்டுத் துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள், ஓட்டை தரையில் ஒட்டி அடையாது.

தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டுகளை மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரிச் சின்னத் தேக்கம்தான் தேவை. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவவேண்டும். ஓட்டையில்லாத வெளித் தொட்டிக்கும் இதே கதைதான்.

கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கவே வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியது. மூன்றாவது மாடியிலிருந்து விழும் பத்துக் கிலோ தொட்டி ஆளைக் கொல்லும். புயல் வேண்டியதில்லை, ஒரு பூனை போதும்.

கடைசியாக, கனம். நம் நாட்டுக் கட்டுமானத் தரநிலை ஐ.எஸ். 875, வீட்டுப் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ சுமை வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. ஆள் போய்வரும் மொட்டை மாடிக்கு அதில் பாதி, சுமார் 150 கிலோ. இப்போது இரண்டடிச் சதுரச் சிமெண்ட் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 60 செ.மீ. நீளம், அகலம், உயரம். கொள்ளளவு 216 லிட்டர். ஈரமண் லிட்டருக்கு 1.7 கிலோ என்றால் மண் மட்டும் சுமார் 370 கிலோ. அது உட்காரும் இடம் 0.36 சதுர மீட்டர். சதுர மீட்டர் கணக்கில் ஆயிரம் கிலோவைத் தொடுகிறது. ஒரே ஒரு தொட்டியின் பாரம் சுற்றுத் தளத்துக்கும் பரவும் என்பது உண்மை. ஆனால் வரிசையாகப் பத்து வைப்பது வேறு விஷயம். பெரியவற்றை உத்தரம், தூண் இருக்கும் ஓரமாக வையுங்கள். பால்கனியில் வெளி நுனியில் வேண்டாம், வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். பழைய கட்டடம் என்றால் ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்; அந்தச் செலவைப் பார்க்காதீங்க.

மொத்தத்தில் வரிசை இதுதான்: முதலில் இடம், அடுத்து அந்த இடத்து வெயிலுக்குத் தாங்கும் செடி, அடுத்து அந்த வேருக்கு வேண்டிய உயரமும் ஓட்டையும் உள்ள தொட்டி. நிறமும் பூவேலையும் அதுக்கப்புறம். கடையில் தொட்டியின் அழகைப் பார்த்து முதலில் அதை வாங்கிவிட்டு, பிறகு செடி தேடுகிறோமே, அங்கேதான் எல்லாம் தலைகீழாகிறது. இப்போதே வீட்டில் ஆழமில்லாத அழகுத் தொட்டி இருக்கிறதா? தூக்கிப் போடவேண்டாம். பருக்கை அதிகமாகக் கலந்து, அதில் டேபிள் ரோஸ் வைத்துப் பாருங்க. நாலு கிள்ளு குச்சி போதும், காசுகூட வேண்டாம்.